டிசம்பரில் சிங்கப்பூர்க் கப்பல்: மட்டக்களப்பில இருந்து எந்த பிளைட் எடுத்தா பிந்தாமப் போய்ச் சேரலாம்?

வாவிக்கரை

கல்லடியில இருந்து நாலு பேர் போறம். நான், மனைவி, எட்டு வயசு மகன், அம்மா. அம்மாவுக்கு 72, முழங்கால் வருத்தம். கப்பல் டிசம்பர் 14 பின்னேரம் 5 மணிக்கு சிங்கப்பூர் மரீனா பே குரூஸ் சென்டரில இருந்து வெளிக்கிடுது. பினாங்கு, புக்கெட் போய் 18 காலை திரும்பும். கப்பல் காசு கட்டியாச்சு, பிளைட் இன்னும் எடுக்கல்ல. ரெண்டு வழி பார்த்து வச்சிருக்கன்.

ஒண்டு, 14ஆம் திகதி 00:50க்கு கட்டுநாயக்க எயார்போர்ட்டில இருந்து நேரடி பிளைட். சிங்கப்பூர் சாங்கி எயார்போர்ட்டில அங்கத்தே நேரம் காலை 7:20.

மத்தது, 13 இரவு கோலாலம்பூருக்கு மலிவு பிளைட். அங்க இருந்து வேற கம்பனியில தனி டிக்கட் எடுத்தா சிங்கப்பூர் மத்தியானம் 12:30. நாலு பேருக்கும் சேர்த்துப் பார்த்தா நல்ல காசு மிச்சம்.

கட்டுநாயக்கவுக்கு 12 இரவு மெயில் ரெயிலில போகலாம் எண்டு யோசனை. ஒரு நாள் முந்திப் போகச் சொல்லி சில பேர் சொல்றாங்க. சிங்கப்பூர் நாலு மணித்தியாலப் பயணம்தானே, ஹோட்டல் காசு குடுத்து முந்திப் போறது தேவைதானா?

டிக்கட்மேசை

தம்பி, இரண்டாவது வழியை இப்பவே விட்டுடுங்க.

தனித்தனி டிக்கட் என்றால் முதல் பிளைட் பிந்தியதற்கு இரண்டாவது கம்பனி எந்தப் பொறுப்பும் எடுக்காது. வராத பயணி என்று பதிந்துவிட்டு கேட்டை மூடும், அந்தக் காசும் போய்விடும். பேக் கோலாலம்பூரிலேயே இறங்கிவிடும். அதை எடுக்க மலேசியாவுக்குள் நுழைய வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அதற்கு முன்கூட்டியே ஈ-விசா எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டுநாயக்க கவுண்டரிலேயே ஏற்றமாட்டார்கள். கோலாலம்பூரில் டெர்மினல் 1, டெர்மினல் 2 என்று தனித்தனிக் கட்டடங்கள் வேறு. இடையில் ஓடும் ரெயிலுக்கு மூன்று நிமிடம்தான். ஆனால் இமிகிரேஷன் வரிசை, பேக் பெல்ட், மறுபடி செக்-இன், மறுபடி பாதுகாப்புச் சோதனை என்று அம்மாவையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு மூன்று, நாலு மணித்தியாலம் போய்விடும்.

கோலாலம்பூர் வழியாகப் போவதே பிழை என்று சொல்லவில்லை. இரண்டு பிளைட்டும் ஒரே பதிவு இலக்கத்தில், அதாவது ஆறு எழுத்துள்ள ஒரே கோட் நம்பரில் இருந்தால், முதலாவது பிந்தும்போது அடுத்த பிளைட்டில் ஏற்றிவிடுவது கம்பனியின் பொறுப்பு. கட்டுநாயக்கவில் பேக்கில் ஒட்டும் பட்டியையும் அந்த இடத்திலேயே வாசியுங்க. பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்து சாங்கியின் கோடாக இருக்க வேண்டும். கோலாலம்பூரின் கோட் இருந்தால் பேக் அங்கே நின்றுவிடும். கவுண்டரை விட்டு நகர முதல் திருத்தச் சொல்லுங்க.

இனி முதலாவது வழி. கப்பல் 5 மணிக்கு என்று யோசிக்காதீங்க. உங்கட ஏறும் பத்திரத்தில் செக்-இன் முடியும் நேரம் என்று ஒன்று போட்டிருக்கும். கம்பனியையும் துறையையும் பொறுத்து அது புறப்பாட்டுக்கு 60இல் இருந்து 120 நிமிடம் வரை முந்தி இருக்கும். 90 நிமிடம் என்று வைத்தால் 15:30. சாங்கியில் இறங்கி, இமிகிரேஷன், பேக், டாக்சி எல்லாம் முடிந்து துறை வாசலுக்கு வர உங்கட குடும்பத்துக்கு இரண்டு மணித்தியாலம் வையுங்க. அப்படியென்றால் 13:30க்காவது சக்கரம் நிலத்தில் தொட வேண்டும். 7:20க்கு இறங்க வேண்டிய பிளைட் 6 மணி 10 நிமிடம் வரை பிந்தலாம். இங்கத்தே நேரத்தில் சொன்னால், 00:50க்குப் போக வேண்டிய விமானம் காலை 7 மணிக்குள் கட்டுநாயக்கவை விட்டு எழும்பாவிட்டால் உங்களுக்குக் கப்பல் இல்லை.

ஆறு மணித்தியாலம் தாராளம்போலத்தான் தெரியும். ஆனால் நள்ளிரவு பிளைட்டில் இயந்திரக் கோளாறு வந்தால் அது ஒரு மணி, இரண்டு மணி பிந்துவதோடு நிற்பது குறைவு. திருத்திக்கொண்டிருக்கும்போதே விமானிகளின் சட்டப்படியான வேலை நேரம் முடிந்துவிடும். வேறு குழு வர வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் ஓய்வெடுத்து எழும்ப வேண்டும். அப்போது ஒரேயடியாகக் காலைக்கோ மத்தியானத்துக்கோ தள்ளிவிடுவார்கள்.

அதனால் எத்தனை மணித்தியாலம் கையில் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதைவிட, இந்த பிளைட் இல்லையென்றால் அடுத்தது எது, அதில் போனால் கப்பல் கிடைக்குமா என்று கேளுங்க. கிடைக்கும் என்றால் திட்டம் சரி. கிடைக்காது என்றால் எத்தனை மணித்தியாலம் கையில் இருந்தும் பலனில்லை. 13ஆம் திகதி 00:50 பிளைட் எடுத்தால், அது ரத்தானாலும் 14 காலை இறங்கும் பிளைட் பின்னால் நிற்கிறது.

ஏறாவூர்ப்பொடியன்

இதுல எனக்கு முழு உடன்பாடு இல்ல. ஐரோப்பா, அமெரிக்கா எண்டா ஒரு நாள் முந்தித்தான் போகணும், அதுல கதையே இல்ல. சிங்கப்பூர் அப்படியில்ல. நேரடி பிளைட், இடையில மாறுறது இல்ல, துறை சாங்கியில இருந்து இருபது கிலோமீட்டர்தான். காலை 7:20க்கு இறங்குற ஆள் ஆறு மணித்தியாலம் பிந்தினாலும் ஏறிடுவார் எண்டு நீங்களே கணக்குப் போட்டுக் காட்டிட்டீங்க. சிங்கப்பூரில நாலு பேருக்கு ஒரு ராத்திரி ஹோட்டல், சாப்பாடு எண்டா ஒரு பிளைட் டிக்கட் காசு வரும். கைப்பேக்கோட மட்டும் போற ரெண்டு இளம் ஆக்களுக்கு அதே நாள் காலை பிளைட் போதும் எண்டுதான் நான் சொல்லுவன்.

மத்தியானத்துக்குப் பிறகு இறங்குறத எடுக்கக்கூடாது. அதுல ஒத்துக்கொள்றன்.

டிக்கட்மேசை

இரண்டு பேர், கைப்பேக் என்றால் நானும் அவ்வளவு கண்டிப்பாக நிற்கமாட்டேன். இங்கே கேட்டவர் நாலு பேர், அதிலும் டிசம்பரில். பள்ளிக்கூட விடுமுறை, வெளிநாட்டில் இருந்து வந்த சனம் திரும்பும் காலம், பிளைட் எல்லாம் நிறைந்து ஓடும். உங்கட பிளைட் ரத்தானால் அடுத்ததில் உங்களைப்போல இருநூறு பேர் இடம் கேட்டு நிற்பார்கள். அதில் நாலு இடம் சேர்ந்து கிடைக்க வேண்டும். இரண்டு பேரை ஏற்றுகிறோம், மற்ற இருவர் நாளைக்கு என்றால் யார் போவது? எட்டு வயதுப் பிள்ளையும் 72 வயது அம்மாவும் தனியாகப் போக முடியாது.

நேரடி பிளைட்டில் மாற வேண்டிய தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் நேரடியாகப் போகும் கம்பனிகள் கொஞ்சம்தான். ஒரு கம்பனி தன் பயணியை முதலில் தன்னுடைய அடுத்த பிளைட்டில்தான் போடப் பார்க்கும். மற்றக் கம்பனியில் போட வேண்டுமென்றால் கவுண்டரில் நின்று கேட்க வேண்டும், அங்கே இடமும் இருக்க வேண்டும்.

கல்முனைநானா

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் கட்டுநாயக்கவுக்கு அங்கால இருந்துதான் கணக்குப் போடுறீங்க. நம்மட பக்கத்து ஆக்களுக்குப் பாதிக் கஷ்டம் அதுக்கு இஞ்சால.

டிசம்பர் எண்டா வடகீழ்ப் பருவமழை. பொலன்னறுவைக்கும் மன்னம்பிட்டிக்கும் இடையில கல்லெல்லப் பக்கம் ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாயும். ரோட்டை மூடினா மறுகா வேற வழி சுத்தணும், நாலு மணித்தியாலம் கூடிடும். புணாணை, வெலிக்கந்தை, அங்கால மின்னேரியா, ஹபரணை எல்லாம் பின்னேரத்தில இருந்து யானை ரோட்டுக்கு ஏறுற இடம். இருட்டினதுக்குப் பிறகு அந்தத் துண்டில வேகமா ஓடேலாது, ஓடவும் கூடாது.

ரெயில் பாதை மாகோவுக்கு இஞ்சால ஒத்தைத் தண்டவாளம். ஒரு இடத்தில ஒரு வண்டி நிண்டா முழு லைனும் நிண்டிடும். 2025 பெப்ரவரி 20 மீனகயா ரெயில் ஹபரணைப் பக்கம் யானைக் கூட்டத்தில மோதித் தடம் புரண்டது எல்லாருக்கும் தெரியும். அதே வருசம் நவம்பர் கடைசியில டித்வா புயலோட ரெயில் ஓட்டமே நிண்டு போச்சு.

இப்ப தம்பிட கணக்குக்கு வாறன். மட்டக்களப்பில இருந்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், அங்கால நாரம்மல, கிரிஉல்ல, மினுவாங்கொடையால கட்டுநாயக்க. கொழும்புக்குள்ள போகவே தேவையில்ல. கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், வேனுக்கு நல்ல நாளில ஏழு மணித்தியாலம். சாப்பாடு, தொழுகை, அம்மாவுக்கு இறங்கி நடக்க எண்டு ஒரு மணித்தியாலம். மழைக்கும் வெள்ளத்துக்கும் மூணு. 00:50 பிளைட்டுக்கு 21:50க்கு கவுண்டர் திறக்கும் எண்டு வச்சா, ராத்திரி ஒம்பதரைக்கு அங்க நிக்கணும். காலை பத்தரைக்குக் கல்லடிப் பாலத்தைத் தாண்டியிருக்கணும். கல்முனை ஆக்கள் ஒம்பதரைக்கு வெளிக்கிடணும், அக்கரைப்பற்று ஒம்பதுக்கு. பின்னேரம் அஞ்சுக்கு வெளிக்கிட்டு ராத்திரி பன்னிரண்டுக்கு இறக்கிவிடுறம் எண்டு சொல்ற வேன்காரரோட போகாதீங்க.

ரெயிலும் பிழையில்ல. 12 இரவு மெயில் ஓடல்ல எண்டா 13 காலை வேன் பிடிக்கலாம். டிக்கட்மேசை சேர் சொன்ன அடுத்தது எது எண்ட கேள்விக்கு அங்க மறுமொழி இருக்கு. ஆனா கொழும்புக் கோட்டை ஸ்டேசனில இறங்கி, திரும்ப 187 பஸ்ஸிலயோ வாடகைக் காரிலயோ முப்பது கிலோமீட்டருக்கு மேல வடக்க வரணும். அம்மாவோட வேன்தான் சுகம்.

அம்பாறைவீதி

நானா, நாங்க அம்பாறை டவுன். மஹியங்கனை, கண்டியால வாறது கிட்டத்தானே?

கல்முனைநானா

கிட்டத்தான், ஆனா டிசம்பரில நான் அதால ஏத்திட்டுப் போகமாட்டன். மஹியங்கனைக்கு அங்கால 18 வளைவு ஏத்தம், மழைக்கு மண்சரிவு வாற இடம். மூடினா மலையில இருந்து திரும்பி இறங்கணும். கண்டி டவுன் நெரிசலும் இருக்கு. மழைக் காலத்தில மஹா ஓயாவால வந்து மட்டக்களப்பு ரோட்டில ஏறி பொலன்னறுவையால போங்க. வெளிக்கிட முந்தின நாள் பின்னேரம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ட 117க்கு எடுத்து எந்த ரோடு மூடியிருக்கு எண்டு கேளுங்க.

கப்பல்பர்சர்

கப்பல் பக்கத்து விசயத்தை நான் சொல்றன். 5 மணிக்கு வெளிக்கிடுற கப்பலுக்கு 4:45க்கு ஓடி வந்தா ஏன் ஏத்தமாட்டாங்க எண்டு கன பேர் கேட்பாங்க. ஏறின ஆக்களின்ட இறுதிப் பட்டியல் புறப்பட முதல் துறைமுக, குடிவரவு அதிகாரிகளுக்குப் போய்ச் சேரணும். அமெரிக்கத் துறைகளில அது புறப்பாட்டுக்கு 60 நிமிசத்துக்கு முதல் எண்டு சட்டம். பட்டியல் போனதுக்குப் பிறகு ஒரு பேரைச் சேர்க்கிறது எண்டா எல்லாத்தையும் திரும்பத் திறக்கணும். அதோட துறையில கப்பலுக்கு வழிகாட்டுற பைலட், இழுவைப் படகு எல்லாம் நேரம் குறிச்சுத்தான் எடுக்கிறது. துறையில நிக்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு. தனியா டிக்கட் எடுத்து வாற நாலு பேருக்காகக் கப்பல் நிக்காது.

சிங்கப்பூரில ரெண்டு துறை இருக்கு. மரீனா பே குரூஸ் சென்டருக்குக் கிட்ட உள்ள எம்ஆர்டி (நகர ரெயில்) ஸ்டேசன் மரீனா சவுத் பியர். மத்தது ஹார்பர்பிரண்டில உள்ள சிங்கப்பூர் குரூஸ் சென்டர். பேர் ஒரே மாதிரி இருக்கிறதால டாக்சியில தப்பான இடத்துக்குப் போற ஆக்கள் இருக்காங்க. பத்திரத்தில உள்ள முழுப் பேரையும் டிரைவரிட்டக் காட்டுங்க.

இணையத்தில செக்-இன் செய்யக்குள்ள வருகை நேரம் ஒண்டு தெரிவு செய்யச் சொல்லும். முந்தின நேரங்கள் கெதியா முடிஞ்சிடும், திறந்த அண்டைக்கே எடுங்க. லகேஜ் பட்டியை வீட்டிலயே பிரிண்ட் பண்ணி மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சு எடுத்துட்டுப் போங்க. துறையில பேக்கைக் குடுத்தா அது ரூமுக்கு வர ராத்திரி ஆகலாம். அம்மாட மருந்து, பாஸ்போர்ட், விசாப் பத்திரம், சார்ஜர், ஒரு மாத்து உடுப்பு எல்லாம் கைப்பேக்கில.

வாவிக்கரை

நல்ல விளக்கம், நன்றி. கோலாலம்பூர் வழிய விட்டுட்டன். இன்னொண்டு: தவறித்தான் போச்சு எண்டா அடுத்த துறை பினாங்குதானே. அங்க பறந்து போய் ஏறேலாதா? சிங்கப்பூரில இருந்து ஒண்டரை மணித்தியாலம்தான்.

கப்பல்பர்சர்

பறக்கிறது கஷ்டமில்ல. முதல்ல கப்பல் கம்பனி சம்மதிக்கணும். நடுவில ஏற விடுறதா இல்லையா எண்டு அந்தத் துறை அதிகாரிகளோட கதைச்சுத்தான் சொல்லுவாங்க. மத்தது விசா. கப்பலோட பினாங்கில இறங்கிச் சுத்திப் பார்க்கிறது வேற, விமானத்தில மலேசியாவுக்குள்ள நுழையிறது வேற. பிந்தின அண்டைக்கு சாங்கியில நிண்டுகொண்டு ஈ-விசா எடுத்து அடுத்த நாள் பினாங்கில ஏறுறது எண்டது நம்ம பாஸ்போர்ட்டுக்கு நடக்காத காரியம். புக்கெட்டுக்குப் போய் ஏறலாமா எண்டது தாய்லாந்து விதி அந்த நேரம் என்ன சொல்லுது எண்டதைப் பொறுத்தது. நாலு இரவுக் கப்பலில மூணாம் நாள் ஏறி என்ன செய்ய?

மத்த நாட்டுப் பாஸ்போர்ட்காரர் எழுதுற ஆலோசனையைப் படிக்கக்குள்ள இதைக் கவனிங்க. அடுத்த துறையில பிடிக்கலாம் எண்டு அவங்க லேசாச் சொல்லுவாங்க. நமக்கு அந்தக் கதவு அநேகமா மூடித்தான் இருக்கும். அதுக்காகவே நாம ஒரு நாள் முந்திப் போகணும்.

பினாங்கில கப்பலோட நிக்கிறதுக்கும் உங்கட கடவுச்சீட்டுக்கு என்ன வேணும் எண்டு கப்பல் கம்பனியிட்ட எழுத்தில கேட்டு வாங்குங்க. இறங்காம கப்பலுக்குள்ளயே இருந்தாலும் விசா கேட்கிற துறைகள் இருக்கு. அது இல்ல எண்டா ஏறுற இடத்திலயே மறிப்பாங்க.

டிக்கட்மேசை

விசாக் கதை வந்ததால் சேர்த்துச் சொல்கிறேன். சிங்கப்பூருக்கு நம்மவருக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், எஸ்ஜி அரைவல் கார்டு என்ற சிங்கப்பூர் வருகைப் படிவத்தை இறங்கும் நாளுக்கு மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளங்களுக்குள் போகாதீங்க. 18ஆம் திகதி கப்பலால் திரும்பி இறங்கும்போது சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைகிறீர்கள், அதற்கு இன்னொரு கார்டு வேண்டும். கப்பலில் இன்டர்நெட் விலை. கடைசித் துறையிலோ கரையிலோ வைத்து நிரப்பிவிடுங்க.

திகதியையும் பாருங்க. 13ஆம் திகதி 00:50 என்றால் 12ஆம் திகதி இரவு. 13 பின்னேரம் வேன் ஏற்றினால் பிளைட் போய் அரை நாளுக்கு மேலாகியிருக்கும். டிக்கட் கவுண்டர்களில் அடிக்கடி காணும் பிழை இதுதான். வேன்காரருக்குச் சொல்லும்போது பிளைட் திகதியைச் சொல்லாமல், வீட்டில் இருந்து வெளிக்கிடும் திகதியையும் கிழமையையும் சொல்லுங்க.

ஸ்காபரோ

கனடாவில பிள்ளைகளிட்ட வந்து நிக்கிற அம்மா அப்பாவைக் கப்பலில கூட்டிப் போற ஆக்கள் இஞ்ச கனக்க. அவங்களுக்கும் சேர்த்து எழுதுறன்.

ஜனவரி, பெப்ரவரியில ரொறன்ரோவில இருந்து மயாமி அல்லது போர்ட் லாடர்டேல் போறதெண்டா பனி ஒரு பெரிய காரணம். சிறகில பனி கரைக்க மருந்தடிக்கிற வரிசை மட்டும் சில நாளில ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும். புயல் வந்தா ஒரே நாளில நூற்றுக்கணக்கான பிளைட் ரத்தாகி, மறுநாள் பிளைட்டும் நிறைஞ்சிடும். அந்த மாதங்களில ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் முந்திப் போங்க. முந்தின நாள் போறதெண்டாலும் அண்டைக்குக் காலையில போற முதல் பிளைட்டை எடுங்க. விமானம் முந்தின இரவே அங்க நிக்கும், வேற ஊர் பிந்தல் அதில சேராது.

அலாஸ்காவுக்கு சியாட்டலில ஏறி சியாட்டலிலயே இறங்குற கப்பலைத் தவறவிட்டு, அலாஸ்காத் துறையான ஜூனோவில போய் ஏறலாம் எண்டு நினைக்காதீங்க. 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒண்டு இருக்கு. வெளிநாட்டுக் கொடிக் கப்பல் ஒரு அமெரிக்கத் துறையில ஆளை ஏத்தி, தூர வெளிநாட்டுத் துறை ஒண்டைத் தொடாம வேற அமெரிக்கத் துறையில இறக்கக்கூடாது. ஜூனோவில ஏறி சியாட்டலில இறங்கினா அதுதான் நடக்குது. நடுவில கனடாவில நிண்டாலும் அது தூரத் துறை எண்ட கணக்கில சேராது. அதனால கப்பல்காரரே ஏத்தமாட்டாங்க. வான்கூவரில ஏறி வான்கூவரில இறங்குறதெண்டா இந்தச் சட்டம் பிரச்சினையில்ல. ஆனா அங்க கனடா பிளேஸ் துறையிலயே அமெரிக்க இமிகிரேஷன் பார்ப்பாங்க. இலங்கைப் பாஸ்போர்ட் எண்டா அமெரிக்க விசா கையில இருக்கணும், திரும்பி வரக் கனடா விசாவும் செல்லுபடியா இருக்கணும்.

ஈஸ்ட்ஹாம்

ஐரோப்பாப் பக்கம் சுருக்கமா. சவுத்ஹாம்டனில ஏறுறதெண்டா ஹீத்ரோவில இருந்து கோச்சில ரெண்டு மணித்தியாலம். அங்க ஒண்டல்ல, அஞ்சு டெர்மினல். டிக்கட்டில மேபிளவரா, ஓஷனா, ஹொரைசனா எண்டு பார்த்துத்தான் டாக்சிக்காரனிட்டச் சொல்லணும்.

ரோம் எண்டு கப்பல் விளம்பரத்தில போட்டிருக்கும், ஏறுற இடம் சிவிட்டாவெக்கியா. ரோமில இருந்து 70 கிலோமீட்டருக்கு மேல. ரோம் எயார்போர்ட் பியூமிசினோவில இறங்கி, ரெயிலில திராஸ்தேவெரெ வந்து மாறி, சிவிட்டாவெக்கியா ஸ்டேசன், அங்க இருந்து லார்கோ டெல்லா பாச்சே வரைக்கும் பஸ், அங்கால துறைமுக பஸ். எல்லாம் சரியா ஓடினாலும் ரெண்டரை மணித்தியாலம். இத்தாலியில ரெயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், ஆனா முன்கூட்டியே அறிவிப்பாங்க. போற கிழமை தேடிப் பாருங்க. பார்சிலோனா அப்படியில்ல, எயார்போர்ட்டும் துறையும் கிட்டக்கிட்ட.

ஷெங்கன் விசா ஒரு தரம் நுழையிறதா, பல தரமா எண்டு பாருங்க. கப்பல் துருக்கிக்கோ மொண்டிநீக்ரோவுக்கோ போய்த் திரும்பினா அது ரெண்டாவது நுழைவு. 2025 ஒக்டோபரில இருந்து கைரேகை, முகப்படம் எடுக்கிற புது நுழைவு முறையும் தொடங்கியிருக்கு. முதல் தரம் போற ஆக்களுக்கு வரிசை நீளம், அதுக்கும் நேரம் சேருங்க.

ஏறாவூர்ப்பொடியன்

கப்பல் கம்பனியே பிளைட்டும் சேர்த்து விக்குதே, அதை எடுத்தா இந்தக் கவலை எல்லாம் இல்லைத்தானே?

டிக்கட்மேசை

ஓரளவு. அப்படி எடுத்தால் பிளைட் பிந்துவதைக் கம்பனியே பார்த்துக்கொண்டிருக்கும், மாற்று பிளைட் தேடும், தவறினால் அடுத்த துறைக்கு அனுப்பப் பார்க்கும். கப்பலை நிறுத்தி வைப்போம் என்று எழுதித் தரமாட்டார்கள். அடுத்த துறைக்கு விசா இல்லை என்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய ஏலாது. கொழும்பில் இருந்து புறப்படும் பயணிக்கு அந்தச் சேவை கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்க.

காப்புறுதியும் பாருங்க. விசாவுக்காக எடுக்கும் மலிவுக் காப்புறுதியில் வைத்தியச் செலவுதான் இருக்கும், ஷெங்கனுக்குக் கேட்பது 30,000 யூரோ வைத்தியக் காப்பு. கப்பல் தவறியதற்குக் காசு வேண்டுமானால் தவறிய புறப்பாடு என்ற பிரிவு தனியாக இருக்க வேண்டும். அதற்குள் மூன்று விசயம் வாசியுங்க. எத்தனை மணித்தியாலம் பிந்தினால் கொடுப்பார்கள், என்ன காரணத்துக்குக் கொடுப்பார்கள், முதல் பிளைட்டுக்கும் கப்பலுக்கும் இடையில் குறைந்தது எவ்வளவு நேரம் விட்டிருக்க வேண்டும். தனி டிக்கட்டுகளை ஏற்காத பொலிசிகளும் இருக்கின்றன. கட்டுநாயக்கவுக்குப் போகும் வழியில் வேன் பழுதானால் அது பொதுப் போக்குவரத்து இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

பிளைட் பிந்திவிட்டது என்றால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீங்க. ஒருவர் கவுண்டர் வரிசையில் நிற்கும்போதே மற்றவர் கம்பனிக்குப் போனில் எடுக்க வேண்டும். எது முந்துகிறதோ அதால் மாற்று பிளைட் கேளுங்க, எந்த பிளைட்டில் இடம் இருக்கிறது என்று நீங்களே தேடி இலக்கத்தைச் சொன்னால் வேலை கெதியாக முடியும். கப்பல் கம்பனியின் அவசர இலக்கம் ஏறும் பத்திரத்தில் இருக்கும், அதற்கு உடனே சொல்லுங்க. சொல்லாமல் விட்டால் வராதவர் என்று பதிந்துவிடுவார்கள். பிந்தியதற்கான காரணத்தையும் நேரத்தையும் எழுதிய கடிதத்தைக் கவுண்டரிலேயே வாங்குங்க, காப்புறுதிக்கு முதல் கேட்பது அதைத்தான். வேறு டிக்கட் வாங்கி நீங்களாகப் போகவும் அவசரப்படாதீங்க. ஒரே டிக்கட்டில் முதல் துண்டில் ஏறாவிட்டால் திரும்பி வரும் துண்டும் தானாக ரத்தாகும்.

பேக் வராவிட்டால் சாங்கியை விட்டு வெளியே வர முதல் பெல்ட்டுக்குப் பக்கத்து மேசையில் முறைப்பாட்டுப் படிவம் எழுதி இலக்கம் வாங்குங்க. கப்பலின் பெயர், ஒவ்வொரு நாளும் நிற்கும் துறை, கடைசியில் சிங்கப்பூருக்குத் திரும்பும் திகதி எல்லாம் அதில் எழுத வேண்டும். நாலு நாள் கப்பலுக்கு பேக் துரத்தி வந்து சேர்வது அபூர்வம். ஒரு நாள் முந்திப் போனால் மறுநாள் பிளைட்டில் வரும் பேக் துறைக்கே வந்துவிடலாம். விமானக் கம்பனிகளின் பொறுப்பைச் சொல்லும் மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி பேக் பிந்தினாலோ தொலைந்தாலோ ஆளுக்கு ஆகக்கூடியது 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). எழுத்து முறைப்பாடு பேக் கைக்கு வந்து 21 நாளுக்குள் போக வேண்டும்.

தாழங்குடா

தம்பி கப்பலில வேலைக்குச் சேரப் போறான். அவனுக்கும் இதே கணக்கா?

கப்பல்பர்சர்

இல்ல, அது வேற. வேலைக்குச் சேருற ஆளுக்கு டிக்கட் கம்பனியின்ட ஏஜென்ட் போடுவாங்க. கடலோடிகளுக்கான தனிக் கட்டணம், பேக் நிறையும் கூட. பிளைட் பிந்தினா மாத்துறதும் அவங்கதான். சிடிசி எண்ட கடலோடிப் பதிவுப் புத்தகம், சேரும் கடிதம், அதில கப்பல் பேரும் உள்ளூர் ஏஜென்டின்ட தொலைபேசியும் கையில இருக்கணும். தானா டிக்கட் எடுத்து முந்திப் போறது, நடுவில இறங்கிச் சொந்தக்காரரைப் பார்க்கிறது ஒண்டும் செய்ய வேணாம் எண்டு சொல்லுங்க.

வாவிக்கரை

முடிவு பண்ணிட்டன். 13ஆம் திகதி 00:50 நேரடி பிளைட், நாலு பேரும் ஒரே பதிவில. 12 காலை பத்துக்குக் கல்லடியில இருந்து வேன். 13 ராத்திரி லிட்டில் இந்தியாப் பக்கம் ஹோட்டல். 18 காலை 7க்குக் கப்பல் திரும்புது. அண்டைக்கு பகல் 11 மணி பிளைட் மலிவா இருக்கு, எடுக்கலாமா? மத்தது அம்மாவுக்கு சக்கர நாற்காலி எப்படிக் கேக்கிறது?

ஏறாவூர்ப்பொடியன்

11 மணி வேணாம். 7 மணி எண்டது கப்பல் துறையைத் தொடுற நேரம். அதுக்குப் பிறகு கப்பலுக்கு அனுமதி, மாடி மாடியா ஆக்களை இறக்குறது, இமிகிரேஷன், பேக் தேடுறது எல்லாம் முடிய ஒம்பதரை, பத்து ஆகும். 11 மணி பிளைட்டுக்கு 10 மணிக்கு கவுண்டர் மூடிடும். ஒரு மணிக்குப் பிறகு வெளிக்கிடுறதா எடுங்க. கட்டுநாயக்கவில இறங்கக்குள்ள இரவானா அண்டைக்கே மட்டக்களப்புக்கு ஓட வேணாம், நீர்கொழும்பில படுத்திட்டுக் காலையில வாங்க.

லிட்டில் இந்தியாவில ஹோட்டல் எண்டது நல்லம். அங்க எம்ஆர்டி ஏறி அடுத்த ஸ்டேசன் தோபி காட், அங்க மாறினா மரீனா சவுத் பியர் வரைக்கும் ஒரே வண்டி. ஆனா அம்மாவோடயும் பேக்கோடயும் ஆறு பேர் ஏறுற டாக்சி எடுங்க. ஹோட்டல் ரூம் பகல் ரெண்டு, மூணு மணிக்குத்தான் தருவாங்க, காலையில போய் பேக்கை வச்சிட்டு வெளிய போகலாம்.

டிக்கட்மேசை

சக்கர நாற்காலிக்கு மூன்று வகைக் கோட் இருக்கிறது. படி ஏறலாம், தூரம்தான் நடக்க ஏலாது என்றால் டபிள்யூசிஎச்ஆர். படியும் ஏற ஏலாது என்றால் டபிள்யூசிஎச்எஸ். இருக்கை வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் டபிள்யூசிஎச்சி. அம்மாவின் முழங்காலுக்கு நடுவில் உள்ள எஸ் கோட்டைப் போடுங்க. விமானம் தூர நின்று பஸ்ஸில் கொண்டுபோனால் ஏணிப்படி ஏற வேண்டி வரும். ஆர் போட்டிருந்தால் அங்கே தூக்கும் வண்டி வராது. டிக்கட் எடுத்த அன்றே போடச் சொல்லுங்க, ஆகக் குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முதல். போகும் பிளைட், வரும் பிளைட் இரண்டிலும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்க, ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவது வழக்கம்.

விமானக் கம்பனிக்குச் சொன்னது கப்பலுக்குப் போகாது. ஏறுதுறையில் இருந்து ரூம் வரைக்குமான சக்கர நாற்காலியைக் கப்பல் கம்பனியின் உதவிப் படிவத்தில் வேறாகக் கேட்க வேண்டும். அது ஏற்றவும் இறக்கவும் மட்டும்தான், கப்பலுக்குள் பாவிக்கவும் பினாங்கில் சுற்றவும் தரமாட்டார்கள். மடிக்கிற நாற்காலி சொந்தமாக இருந்தால் கொண்டு போங்க, அதை பேக் நிறையில் சேர்க்கமாட்டார்கள்.